வெற்றிலை வாடுவதற்குள்

தயிருக்கு உறை கேட்டால்கூட கிணற்றடி வீட்டு அக்கா கெடு வைத்துத்தான் கொடுப்பாள்.

"இந்தா பிள்ள. கிண்ணம் விளக்கு வைக்கதுக்குள்ள வந்திரணும்."

நேரம் தாண்டிக் கொண்டுபோனால் திட்டமாட்டாள். பேசாமல் வாங்கிக் கவிழ்த்து வைப்பாள். அடுத்த முறை உறை கேட்டுப் போனால் கிடைக்காது, அவ்வளவுதான். கல்யாணமாகி நான் பாளையங்கோட்டைக்கு வந்த புதிது அது. ஒரு கரண்டி மோருக்கு இத்தனை அதிகாரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவரிடம் சொன்னால் அவர் சிரித்தார்.

"எக்ஸ்சேஞ்சில உக்காந்து உக்காந்து அப்படி ஆயிட்டாவ. மூணு நிமிஷத்துக்கு மேல சாமிகிட்டகூடப் பேச விடமாட்டாவ" என்றார்.

அக்காவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூருக்குப் பேசுகிற டிரங்கால் போர்டில் வேலை. தெருமுனைகளில் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அப்படியும் டிரங்கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கிற ஜனங்கள் இருந்தார்கள். அவர்களை இணைப்பதும் நேரம் முடிந்ததும் வெட்டுவதும் அவள் வேலை. ஒருமுறை குழாயடியில் அவளே சொன்னாள். யாரோ ஒருத்தி பம்பாயிலிருக்கிற தம்பியிடம் அப்பா போய்விட்டார் என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள். வார்த்தை வராமல் அழுதுகொண்டே இருந்தாளாம். மூன்று நிமிஷம் ஆனதும் அக்கா வெட்டிவிட்டாள்.

"பாவம்லாக்கா" என்றேன்.

"வரிசையில இன்னும் ஆளு இருந்திச்சே பிள்ள. அவிய வீட்டுலயும் யாராவது செத்திருப்பாவல்லா?"

சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு அவளைக் கண்டு பயமாக இருந்தது.

நாங்கள் இருந்தது ஒரு வளவில். ஒரே தலைவாசலுக்குள் இரண்டு வரிசையாகக் குடித்தனங்கள், நடுவில் முற்றம், கடைசியில் கிணறும் குழாயும். எல்லாம் வாடகைக் குடித்தனம். வளவுக்காரர் அடுத்த தெருவில் சொந்த மாடியில் இருந்தார். கிணற்றை ஒட்டிய வீடு அக்காவுடையது. அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அப்பா எப்போதோ போய்விட்டார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, நாற்பதைத் தாண்டியிருந்தாள். நல்ல உயரம். வெயிலோ மழையோ கையில் ஒரு நீளக் குடை இருக்கும், அதை அவள் விரித்து நான் பார்த்ததில்லை.

அவள் அம்மாவை வளவில் எல்லோரும் ஆச்சி என்றோம். இடுப்பெலும்பு முறிந்து ஜன்னலோரம் கட்டிலோடு கிடந்தாள். அக்கா வேலைக்குப் போனபிறகு ஆச்சிக்கு வெற்றிலை இடித்துக் கொடுக்கிறது என் வேலை என்று ஆகிவிட்டது. அப்போதுதான் கெடுவின் கதை எனக்குத் தெரிந்தது.

அக்காவைப் பெண் பார்க்க நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். வந்து, பஜ்ஜியும் கேசரியும் தின்று, எழுந்து போகும்போது எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "ஊருக்குப் போய்ச் சொல்லி விடுதோம்." எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாத வாயே கிடையாது. பிடித்திருந்தாலும் இதுதான், பிடிக்காவிட்டாலும் இதுதான். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராதவர்கள் கண்டுபிடித்து வைத்த மரியாதை.

"தபால்காரன் மணி கேட்டா வாசலுக்கு ஓடுவா பிள்ள. கையில மாவோட ஓடுவா. ஒருத்தனாவது வேண்டாம்னு ஒரு கார்டு போட்டிருக்கலாம். அடுத்த எடமாவது பாத்திருப்போம். ஒவ்வொருத்தனுக்கும் காத்துக் காத்தே வயசு போயிட்டு" என்றாள் ஆச்சி. சொல்லிவிட்டு வெற்றிலைச் சாறு வழியும் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கிண்ணத்தை நான் விளக்கு வைப்பதற்கு முன்பே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தேன்.

வளவில் இரண்டாவது வீட்டில் ஒரு தையல்காரர் இருந்தார். ஒரு மத்தியானம் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அழுகைச் சத்தம் கேட்டு வளவுக்காரர் வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் பலகாரம் அனுப்புகிறவர். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"இத்தனை குடித்தனம் இருக்க எடம். நாளைக்கு இந்த வீட்டுக்கு வேற ஆளு வரணும்லா. சாவு விழுந்த வீடுன்னா எவன் வருவான்? தெருவுல வச்சிக்கிடுங்க. நான் பெஞ்சு அனுப்புதேன்."

பெஞ்சும் வந்தது. விளக்குக் கம்பத்தடியில் போட்டு அவரைக் கிடத்தினார்கள். சைக்கிள்காரர்கள் மணி அடித்து ஒதுங்கிப் போனார்கள். எங்கே உட்கார்ந்து அழுவது என்று தெரியாமல் அவர் மனைவி யாரோ ஒருவர் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆச்சி கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் நான் உரலை எடுத்து உட்கார்ந்ததும், "ஏ பிள்ள, என்னையும் பெஞ்சுலதான் போடுவாவளா?" என்றாள். வேலைக்குக் கிளம்பி நடையில் நின்றிருந்த அக்காதான் பதில் சொன்னாள்.

"உன்னைச் சொந்த வாசல்ல இருந்துதான் எடுப்பேன். பொங்கலுக்குள்ள வீடு வாங்கிருவேன்."

பெற்றவளிடம்கூட அவளுக்குக் கெடு இல்லாமல் பேச வராது. அந்தப் பொங்கலும் வந்து போயிற்று. அக்காவே வைத்துக்கொண்ட கெடு தப்பியதைப் பற்றி வளவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பணத்துக்குக் குறைவில்லை. கல்யாணத்துக்கென்று சேர்த்தது அப்படியே இருந்தது, இலாகாவில் வீட்டுக் கடனும் கிடைப்பதாக இருந்தது. வீடுகளும் இருந்தன. விற்கிறவர்கள் வாயிலிருந்து பதில்தான் வரவில்லை. முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டைப் பேசப் போனபோது துணைக்கு நானும் போனேன். வீட்டுக்காரர் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா தன் விலையைச் சொன்னாள். கையோடு, "வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க வரைக்கும் உங்க பதிலுக்குக் காத்திருப்பேன். அதுக்குப் பொறவு இந்த விலை இல்ல, நானும் இல்ல" என்றாள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா, கோர்ட்டு அமீனா மாதிரில்லா கெடு வைக்கிய? எங்க தாத்தா கட்டுன வீடு. பைய யோசிச்சுச் சொல்லி விடுதோம்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பைய யோசிங்க."

அவர் சனிக்கிழமை காலையில் ஆள் அனுப்பினார், சம்மதம் என்று. அக்கா வாசலில் வைத்தே, "வெள்ளிக்கிழமை போயிட்டுன்னு சொல்லிரும்" என்று வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். வீடு காட்டிய தரகர் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. ஒரே ஒரு ராத்திரி தள்ளிப் போனதற்கா ஒரு வீட்டை விடுவார்கள் என்று கேட்டேவிட்டேன்.

"ஒரு நாள் விட்டுக்கொடுத்தா கிரயத்துக்கு ஒரு வருசம் இழுப்பாவ. எனக்கு வருசம் இருக்கு பிள்ள. அங்கன படுத்திருக்கவளுக்கு இல்ல."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

கடைசியில் வண்ணார்பேட்டையில் ஒரு வீடு வந்தது. ஆற்றுக்குப் போகிற தெருவில் தனி வீடு. இரண்டு அறை, பின்னால் கிணறு, முன்னால் நந்தியாவட்டைச் செடி. வீடு பார்க்கிறவர்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார்கள், அடுப்படியில் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார்கள். அக்கா நிலைவாசலின் அகலத்தைக் குடையால் அளந்தாள். உள்ளேயிருந்து தெருவரைக்கும் நடந்து பார்த்தாள். திரும்பி வந்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"சாய்க்காம எடுக்கலாம் பிள்ள."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை கண்டதில்லை.

வீட்டுச் சொந்தக்காரர்கள் முக்கூடலில் இருந்தார்கள், ஒரு பெரியவரும் அவர் மனைவியும். தரகர் அண்ணாச்சிக்கு அப்போது போய்ப் பேச மனசில்லை. "ஆடி மாசம்லா? ஆடியில யாராவது வீட்டுப் பேச்சு எடுப்பாவளா? ஆவணி பொறக்கட்டும்" என்றார்.

"ஆடின்னு சாவு நிக்குமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "சரி, போவோம். ஆனா கெடுன்னு மட்டும் சொல்லிராதிய. பெரியவர் பழைய ஆளு. எந்திரிச்சு உள்ள போயிருவாவ" என்று கெஞ்சினார். அக்கா பையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூப்பிட்டுக் கிளம்பினாள்.

போகிற வழியில் ஒரு கட்டு வெற்றிலை வாங்கினாள். வெறுங்கையோடு போய் யாரும் வீட்டுப் பேச்சு பேசமாட்டார்கள். கட்டில் பாதியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மீதியைப் பாக்கோடும் பழத்தோடும் பெரியவர் வீட்டுத் தாம்பாளத்தில் வைத்தாள். விலையைச் சொன்னாள். அம்மாவோடு இருக்கத்தான் வீடு என்றாள். பெரியவர் பேரம் பேசவில்லை. மனைவியை ஒரு பார்வை பார்த்தார், அந்த அம்மாவும் தலையை லேசாக ஆட்டின மாதிரி இருந்தது. அடுத்து வெள்ளிக்கிழமைக் கெடு வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அக்கா வாயைத் திறந்தாள். தரகர் அண்ணாச்சியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். வார்த்தைக்குத் தடுமாறி அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இந்த வெத்தலை வாடுததுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்கய்யா" என்றாள்.

பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அழகாச் சொல்லிட்டிய தாயி. வெத்தலை வாடுததுக்குள்ள கட்டாயம் சொல்லி விடுதோம்."

சொல்லி விடுதோம் என்று காதில் விழுந்ததும் அக்காவின் முகம் வாடிவிட்டது. அந்த அம்மா தாம்பாளத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பையில் வைத்திருந்த பாதி வெற்றிலையை ஜன்னல் கட்டையில் ஒரு தட்டில் பரப்பி வைத்தாள். ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. ஆயுசு முழுக்க வெற்றிலை போட்டவள்.

"ஏ பிள்ள, வெத்தலை காயுதே. ஈரத்துணியில சுத்தி வை" என்றாள் என்னிடம். நான் கையை நீட்டினேன்.

"தொடாத பிள்ள" என்றாள் அக்கா. "அது கெடு. கெடுவுக்குத் தண்ணி தெளிக்கக் கூடாது."

ஆடிக் காற்று ஜன்னல் வழியாக அடித்துக்கொண்டிருந்தது. முதலில் ஓரம் சுருண்டது, பிறகு காம்பு கறுத்தது. முக்கூடலிலிருந்து யார் கூப்பிட்டாலும் தன் போர்டுக்குத் தரும்படி கூட வேலை பார்க்கிறவர்களிடம் அக்கா சொல்லி வைத்திருந்தாள். சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் முதலில் தட்டைப் பார்ப்பாள், அதன் பிறகுதான் அம்மாவைப் பார்ப்பாள். ஆச்சியும் தட்டையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். இடித்த வெற்றிலையைக் கொடுத்தால் வாயில் அப்படியே வைத்திருப்பாள், மெல்லக்கூட சீவன் இல்லை. ஒருநாள் அக்கா ஒரு இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினாள். சருகு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

தரகர் அண்ணாச்சி வந்தபோது, "வேற வீடு பாருங்க" என்றாள்.

நான் விடவில்லை. காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடலாம், நான் வருகிறேன் என்றேன்.

"கேட்டுக்கிட்டுப் போனா அது கெடு இல்ல பிள்ள. ஒருத்தன் வாசல்ல போய் நிக்கதுன்னா நான் அன்னைக்கே, பொண்ணு பாத்திட்டுப் போனவன் வாசல்ல போய் நின்னிருப்பேன்."

எனக்கு வந்த கோபத்தில் அதற்கப்புறம் சில நாள் அவளோடு பேச்சில்லை. ஆச்சிக்கு வெற்றிலை இடிக்க மட்டும் போய்வந்தேன்.

ஆடி முடிகிற சமயம், பால்காரர் வருகிற வேளையில் ஆச்சி போய்விட்டாள். அக்கா சத்தம் போட்டு அழவில்லை. எங்கள் கதவை வந்து தட்டினாள். வளவுக்காரர் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்தார், அதே தாழ்ந்த குரலில் பேசினார்.

"உங்களுக்குத் தெரியாததில்லம்மா. பெஞ்சு அனுப்பிருக்கேன். ஒரு மணிக்குள்ள எடுத்திருங்க. பிள்ளைய பள்ளிக்கூடம் விட்டு வரும்லா."

அக்காவுக்கு ஒருவர் கெடு வைத்து நான் கேட்டது அப்போதுதான். அவள் வாதாடுவாள் என்று நினைத்தேன். வாதாடவேண்டும் என்று என் மனசு கிடந்து தவித்தது. அவள் "சரி" என்றாள்.

அதே பெஞ்சுதான். தையல்காரரைக் கிடத்திய அதே இடம். தெருக் குழாயடியில் நாலு பெண்கள் சேலையைப் பிடித்து மறைக்க, அக்கா தன் அம்மாவைக் குளிப்பாட்டினாள். ஒரு முனையைப் பிடித்திருந்தது நான். காற்று சேலையைப் பிடுங்கியது. நான் இழுக்க இழுக்க அது பறந்தது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பி நின்றுகொண்டார்கள். அந்த மரியாதையாவது இருந்தது. ஒரு மணிக்கு வெகு முன்பாகவே எல்லாம் முடிந்துவிட்டது.

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்த என் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "வண்ணார்பேட்டையில அந்த வீட்டைத் தாண்டித்தான் போனோம். பூட்டிக் கிடந்தது." அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை.

ஆவணி பிறந்தது. ஆச்சிக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட இன்னும் ஆகவில்லை. நான் குழாயடியில் இருந்தேன். தும்பைப் பூ மாதிரி வேட்டி சட்டையும், கையில் துணிப்பையுமாக முக்கூடல் பெரியவர் வளவு வாசலில் நின்று அக்காவைத் தேடினார். தரகரைக் கூட்டிக்கொள்ளாமல் நேரே வந்திருந்தார். தரகரைப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். அக்கா வெளியே வந்தாள். அவருக்கு இருந்த சந்தோஷத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"தாயி, ஆவணி பொறந்திட்டுல்லா. ஆடியில வீட்டு வார்த்தை வாயில வரக் கூடாதுன்னு நானும் அவளும் நாக்கைக் கடிச்சிக்கிட்டுல்லா இருந்தோம். வீடு உங்களுக்குத்தான்."

பையிலிருந்து ஒரு ஈரத்துணிச் சுருளை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெற்றிலை. ஓரங்களில் கொஞ்சம் மஞ்சள் தட்டியிருந்தது, மற்றபடி பச்சை. நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க, வாடவிடலையே. காலையும் சாயந்தரமும் தண்ணி தெளிச்சு, அழுகினதைக் கழிச்சு, எங்க வீட்டுக்காரி பச்சைப் பிள்ளைய பாக்க மாதிரில்லா பாத்துக்கிட்டா. கெடு தப்பலைல்லா?"

குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தவேண்டும் போல இருந்தது எனக்கு. அக்கா ஒரு வெற்றிலையை எடுத்தாள். முந்தானையில் அதன் ஈரத்தைத் துடைத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்திருக்கிய" என்றாள்.

"அம்மாவை ஒரு நல்ல நாள் பாத்துக் கூட்டிட்டு வாங்க. நம்ம கையாலதான் பால் காய்ச்சிக் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்கா அவ. என்னைக்குன்னு சொல்லுதிய?"

அக்கா அந்தச் சுருளை வாங்கிக்கொண்டாள்.

"சொல்லி விடுதேன்யா."

அந்த வார்த்தையை அவள் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெரியவர் தலையாட்டிக்கொண்டு நடந்தவர், தலைவாசலில் திரும்பி நின்று சிரித்தார்.

"எதுக்குள்ளன்னு கெடு சொல்லலையே தாயி?"

"கெடு ஒண்ணும் இல்லய்யா."

அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அக்கா ஈரத்துணிச் சுருளைக் காலிக் கட்டில் மேல் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்த ஆவணி முழுக்க முக்கூடலில் இரண்டு வயசாளிகள் தபால்காரர் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்திருப்பார்கள். அக்கா சொல்லி விடவில்லை.